ஏறும் படியும் ஏறாப் படியும்

(இடம்: அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வால் ஊர். பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 1975-இல் முடிந்த 'ஆறாம் எண் வீடு'. ஒரு தம்பதி வார இறுதியில் வந்து தங்குவதற்காகக் கட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு படிக்கட்டுகள். பச்சைப் படி மாடிக்குப் போகும். சிவப்புப் படி தலைகீழாகத் தொங்கும், எங்கும் போகாது. வீட்டில் ஆள் இல்லாத வேளை.)

சிவப்பு: தம்பி, கட்டடக்கலை மாணவர்கள் வந்தால் முதலில் யாரைப் படம் எடுக்கிறார்கள், கவனித்தாயா?

பச்சை: உங்களத்தான் அண்ணாச்சி. எடுத்து முடிச்சிட்டு மாடியப் பாக்கணும்னா மட்டும் என் முதுகுல ஏறுறாங்க.

சிவப்பு: ஏறுவது காலின் வேலை. நான் சிந்தனைக்கான படி.

பச்சை: அந்தச் சிந்தனை எத்தனாவது மாடியில இருக்கு?

சிவப்பு: ஆழத்தில் இருக்கிறது! நோம் சோம்ஸ்கி 1957-லும் 1965-லும் எழுதிய நூல்களால் மொழியியலையே புரட்டிப் போட்டார். நாம் பேசும் வாக்கியத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத ஆழ அமைப்பு ஒன்று உண்டு. சில விதிகள் அதை மாற்றி மாற்றி மேற்பரப்பு வாக்கியமாக்குகின்றன என்றார். அந்த மாதிரியை ஐசன்மன் கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். சுவர், தூண், உத்தரம் ஆகியவை சொற்கள். பிரிப்பது, நகர்த்துவது, கவிழ்ப்பது ஆகியவை விதிகள். ஒரு கட்டச்சட்டத்தில் தொடங்கி விதிகளை ஒவ்வொன்றாகச் செலுத்திக்கொண்டே போனால், முடிவில் வந்து நிற்பது இந்த வீடு.

பச்சை: குடியிருக்க வந்தவங்க இதுல எங்க வர்றாங்க?

சிவப்பு: அவர்கள் வாசகர்கள்.

பச்சை: வாசகருக்கும் ராத்திரியானா தூக்கம் வரும்ல? படுக்கையறைத் தரைக்கு நடுவுல நீளமா ஒரு கண்ணாடிப் பட்டை வச்சாரு. பெரிய கட்டில் போட வழியில்ல. புருஷன் அந்தப் பக்கம், பொண்டாட்டி இந்தப் பக்கம். மாமியார் செய்ய வேண்டிய வேலைய ஒரு கண்ணாடி செஞ்சிருச்சு.

சிவப்பு: வீட்டையே ஊடறுத்துப் போகும் பிளவு அது. கட்டிலுக்காக அதை நடுவில் நிறுத்தியிருந்தால் வாக்கியம் முறிந்திருக்கும்.

பச்சை: சரி, வாக்கியம் தப்பிச்சுது. சாப்பாட்டு மேசையோட ஒட்டிக்கிட்டு ஒரு தூண் நிக்குதே? குழம்பு கேக்கணும்னா தலைய நீட்டி எட்டிப் பாக்கணும்.

சிவப்பு: அது இடைநிறுத்தக் குறி.

பச்சை: இங்க சில தூண் பாரம் தாங்குது, சிலது சும்மா நிக்குது. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ரிப்பேருக்கு வர்ற தச்சன் எதத் தொடலாம், எதத் தொடக்கூடாதுன்னு யார்கிட்ட கேப்பான்?

சிவப்பு: அப்படிக் கேட்க வைப்பதுதான் இந்த வீட்டின் வெற்றி.

பச்சை: அந்த வெற்றிய அவன் கூலிக் கணக்குல சேர்ப்பானா? கூரை ஒழுகி, 1980-கள்ல வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டி வந்துச்சே, அதுக்கு என்ன இலக்கணம் சொல்றீங்க?

சிவப்பு: திருத்திய பதிப்பு.

பச்சை: உங்ககிட்ட எல்லாத்துக்கும் பதில் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு.

சிவப்பு: பயந்தவன் பயனைப் பற்றித்தான் பேசுவான். தெரிந்துகொள், வடிவம் பயனைப் பின்தொடர வேண்டும் என்று கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவன் 1896-இல் எழுதியதும் ஒரு தத்துவம்தான். நீ தூக்கிப் பிடிக்கும் பொதுப்புத்தி ஒரு பழைய கோட்பாடு. பழகிப்போனதால் அதற்கு அந்தப் பெயர் மறந்துவிட்டது.

பச்சை: இருக்கட்டும். அந்தப் பழைய கோட்பாடு எனக்கு ஒரு கைப்பிடியாவது வச்சுக் குடுத்திருக்கும்.

சிவப்பு: ஆ! நீயே சொல்லிவிட்டாய். சேவை, உழைப்பு என்று அலட்டிக்கொள்கிறாயே, உனக்குக் கைப்பிடி ஏன் இல்லை? நீயும் கால்களை நினைத்துப் பிறந்தவன் இல்லை, தம்பி. நான் சிவப்பு என்பதால் நீ பச்சை. நான் கவிழ்ந்ததால் நீ நிமிர்ந்தாய். உன்மேல் மனிதர்கள் ஏறுவது தற்செயல்.

பச்சை: (சற்று நேரம் பேச்சில்லை) இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?

சிவப்பு: நீ கேட்கவில்லை. வருந்தாதே. சோம்ஸ்கியே காட்டியிருக்கிறார், இலக்கணம் துளியும் பிசகாமல், அர்த்தமே இல்லாமல் ஒரு வாக்கியம் இருக்க முடியும் என்று. புகழ்பெற்ற அந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தில் பச்சை நிறமும் வருகிறது.

பச்சை: இலக்கணம் சரி, அர்த்தம் இல்ல. அது பச்சை இல்ல அண்ணாச்சி, நல்லாப் பாருங்க. சிவப்பு.

சிவப்பு: பகடி வேண்டாம். ஐசன்மன் சோம்ஸ்கியோடு நின்றுவிடவும் இல்லை. பாரிஸில் பழைய இறைச்சிக் கூடங்கள் இருந்த இடத்தில் லா வில்லெட் பூங்காவை பெர்னார் சூமி உருவாக்கியபோது, ஐசன்மனையும் தத்துவவாதி ழாக் தெரிதாவையும் சேர்த்து ஒரு தோட்டம் வடிவமைக்க அழைத்தார். பிளேட்டோ 'திமையஸ்' நூலில் சொல்லும் 'கோரா'தான் கரு. எல்லாப் பொருளுக்கும் இடம் தந்து, தனக்கென்று உருவம் எதுவும் இல்லாதது.

பச்சை: தோட்டம் எப்படி இருக்கு?

சிவப்பு: கட்டப்படவில்லை.

பச்சை: எல்லாத்துக்கும் இடம் குடுக்கிற சரக்கு. அதுக்கு மட்டும் பாரிஸ்ல இடம் கிடைக்கல.

சிவப்பு: அவர்களின் உரையாடல் 1997-இல் புத்தகமாக வந்தது. பக்கங்களைத் துளைத்துச் சதுரம் சதுரமாக ஓட்டை போட்டிருந்தார்கள்.

பச்சை: தரையில போட்ட கை சும்மா இருக்குமா? ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஒரு வாக்கியம் சரியா தப்பான்னு சோம்ஸ்கி எப்படிக் கண்டுபிடிப்பாரு?

சிவப்பு: இது தெரியாதா? அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவரின் உள்ளுணர்வைக் கேட்க வேண்டும். அவருக்கு உறுத்தினால் வாக்கியம் பிழை. இலக்கணக்காரர் தன் விதியைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பச்சை: வீட்டு மொழிய யாரு பேசுறா?

சிவப்பு: வீட்டில்... இருக்கிறவர்கள்.

பச்சை: அவங்களுக்குக் கட்டில்ல உறுத்துச்சு, மேசையில உறுத்துச்சு, கூரையிலயும் உறுத்துச்சு. எந்த விதியத் திருத்துனீங்க? சோம்ஸ்கிகிட்டருந்து பாடத்த வாங்கிட்டு வந்துட்டீங்க, பரீட்சைய அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க.

சிவப்பு: நில். வீட்டுக்காரியான சூசான் ஃபிராங்க் கட்டடக்கலை வரலாறு படித்தவர். 1994-இல் இந்த வீட்டைப் பற்றித் தனி நூலே எழுதினார். சிக்கல்களையும் சொன்னார், வீட்டின்மேல் உள்ள பிரியத்தையும் சொன்னார். அது தேர்ச்சி இல்லையா?

பச்சை: அவங்க மனசு பெருசு. விரும்பிக் கட்டுனாங்க, பொறுத்துக்கிட்டாங்க, ரசிக்கவும் செஞ்சாங்க. அந்தப் பொறுமைக்குக் கிடைச்ச மார்க்கத்தான் நீங்க தத்துவத்தோட பேர்ல எழுதிக்கிட்டீங்க. வீடு எப்படியும் இருக்கலாம்னு யோசிச்சதுக்கு நான் உங்க ஆளக் கும்பிடுறேன். யோசிச்சவரு ஒரு வாரம் அந்த மேசையில உக்காந்து சாப்பிட்டிருந்தா இன்னும் நல்லா யோசிச்சிருப்பாரு.

சிவப்பு: என்னவோ சொல்கிறாய். ஆனால் என் வடிவத்தில் இன்றுவரை ஒருவர்கூட ஒரு பிழை காட்டியதில்லை.

பச்சை: ஒருத்தர் கால வச்சுப் பாத்திருந்தாத்தான அண்ணாச்சி!