12 வயதுக்கு மேற்பட்டோர்க்கு

எந்த விளையாட்டிலும் எனக்குப் பிடித்த பகுதி அதன் விதிப்புத்தகம். ஆட்டம் என்பது அதற்குப் பிறகு வரும் தொந்தரவு. புதுப் பெட்டி வீட்டுக்கு வந்தால் காய்களைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, பொடி எழுத்துப் புத்தகத்தோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். இப்படிப்பட்டவனிடம்தான் போன கோடை விடுமுறையில், "எல்லாரும் சேர்ந்து ஆடுற மாதிரி ஏதாச்சும் வாங்கிப் போடுடா" என்று எங்கள் வீட்டார் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

எல்லாரும் என்றால், எழுபதைத் தாண்டிய அம்மா, எட்டு வயது மகள், படிக்க ஆரம்பிக்காத ஐந்து வயதுத் தம்பி மகன், ஒன்பதாவது முடித்த அக்கா மகன், கைப்பேசியைக் கீழே வைக்கத் தெரியாத மச்சான். விவரம் தெரிந்தவன் கேரம் போர்டைத் துடைத்துப் பவுடர் போட்டிருப்பான். நான் ரோல் ப்ளேயிங் கேம் தேடினேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பாலம் ஆடுது, என்ன பண்றே?" என்று அவர் கேட்க, இவர்கள் செய்வதைச் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் பகடை. அவ்வளவுதான் ஆட்டம். இதைச் சிக்கலாக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கள் வீட்டில் இருந்தான்.

இந்த வகைக்கே மூத்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு மூன்று தடித்த புத்தகங்கள். ஆடுகிறவர்களுக்கான புத்தகம் மட்டுமே 300 பக்கத்துக்கு மேல். புதியவர்களுக்கென்று 32 பக்க விதிநூலும், எழுதித் தயாராக வைத்த ஐந்து பாத்திரங்களும் அடங்கிய சிறு பெட்டி ஒன்றும் அதே ஆண்டில் வந்திருந்தது. அதை வாங்கினால் என்னைப் பற்றி நானே என்ன நினைப்பேன்? மூன்று புத்தகங்களையும் வாங்கினேன். சின்னப் பெட்டியிலேயே 12 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன்: வீட்டிலுள்ளவர்களின் வயதைக் கூட்டிச் சராசரி எடுத்தேன். முப்பதைத் தாண்டியது. தகுதி உண்டு என்று தீர்மானித்துவிட்டேன்.

முதல் மாலை முழுக்கப் பாத்திரம் உருவாக்குவதிலேயே போனது. நீ எந்த இனம், என்ன தொழில், உடல்வலு எத்தனை, அறிவு எத்தனை என்று நிரப்ப வேண்டிய தாளைப் பார்த்த மச்சான், "மாப்ள, இது இன்கம்டாக்ஸ் ஃபாரமா?" என்றார். தம்பி மகன் தான் ஜேசிபி ஆகப்போவதாகச் சொன்னான். மனிதன், எல்ஃப், குள்ளன் எல்லாம் உண்டு, ஜேசிபி கிடையாது என்று புத்தகத்தைத் திறந்து பட்டியலைக் காட்டினேன். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பட்டியலைக் காட்டினேன். அவன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்து மண் அள்ளத் தொடங்கினான்.

மறுநாள் ஒருவழியாகக் கதை தொடங்கியது. காட்டுப்பாதையில் நான்கு கோப்ளின்கள் பதுங்கியிருக்கின்றன. இதற்காக நான் கட்டம் போட்ட தாளில் மரம், பாறை எல்லாம் வரைந்து வைத்திருந்தேன்.

"பாவம், வெயில்ல உக்காந்திருக்குதுகளே. சாப்பிட்டுச்சுகளான்னு கேளு" என்றாள் அம்மா.

"அம்மா, அது எதிரி."

"நீ சொல்லித்தானடா எதிரி?"

கையிலிருந்த சோற்று மூட்டையைப் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னாள். என் மகளும் உடனே தன் பங்கைத் தருவதாகச் சொன்னாள். இரண்டு பேரும் நல்ல ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நான் வரைந்த பாறை வீணாகிவிடுமே! கோப்ளின்கள் சோற்றை வாங்கித் தின்றுவிட்டு அம்பு விட்டன என்று அறிவித்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை கோப்ளினுக்கானது அல்ல. எதிரில் வருவது பகையா நட்பா என்று இரண்டு பகடையை உருட்டித் தெரிந்துகொள்ளும் வழி 1974-ன் முதல் பதிப்பிலேயே இருந்தது. அதைப் பிறகுதான் படித்தேன். அதுவும் சண்டை எல்லாம் முடிந்து, மொட்டைமாடியில்.

அந்தச் சண்டையில்தான் பெரிய வழக்கு வெடித்தது. இருபது முகப் பகடையை அம்மா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து உருட்டினாள். 1 விழுந்தது. "தாயம்!" என்று கத்திவிட்டு மறுபடி பகடையை எடுத்தாள். எங்கள் ஊரில் அம்மாவோடு தாயம் ஆட யாரும் துணிவதில்லை. கேட்ட எண்ணைப் பித்தளைக் கட்டையில் விழ வைப்பாள் என்று பெயர். தாயம் ஆட்டத்தில் 1 விழுந்தால்தான் காயே கட்டத்துக்குள் இறங்கும், மறு ஆட்டமும் உண்டு. நான் வாங்கி வந்த ஆட்டத்திலோ தாக்கும்போது 1 விழுந்தால் எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் அடி தப்பும், 20-தான் உச்சம்.

"ஒண்ணு விழுந்தா நல்லதில்லையா? எவன்டா எழுதினது?" என்றாள். கைகாக்ஸ், ஆர்ன்சன் என்று பெயர் சொன்னேன். அவர்களுக்குத் தாயம் தெரியாது என்ற முடிவுக்கு வந்தாள், அது அநேகமாகச் சரிதான். 5, 6, 12 விழுந்தபோதும் மறு ஆட்டம் கேட்டாள். நான் பக்க எண் சொல்லி மறுத்தேன். பெற்ற தாயிடம் பக்க எண் சொன்னவன் நான்.

அடுத்து எதிர்த்திசையில் ஓடினேன். மான்டி குக் கேம்ஸ் 2016-ல் கொண்டுவந்த 'நோ தேங்க் யூ, ஈவில்!' ஐந்து வயதிலிருந்து ஆடக்கூடியது. ஒரே மேசையில் பல வயதினர் உட்கார அதில் அழகான ஏற்பாடு இருக்கிறது. சின்னவர் 'நான் கடற்கொள்ளைக்காரன்' என்றால் போதும். அடுத்த படியில் 'நான் துணிச்சலான கடற்கொள்ளைக்காரன்'. அதற்கும் மேலே அவன் என்ன செய்கிறவன் என்பதும் சேரும், விதிகளும் கூடும். கெடுப்பதற்கு இதில் இடமே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் படிகளைப் பிரித்துக் கொடுத்தபோது ஐந்து வயதுக்காரனுக்கும் அம்மாவுக்கும் கீழ்ப்படியைக் கொடுத்தேன்.

"எனக்கு ஏன் சின்னப்புள்ளைக்குக் கொடுத்த சீட்டு?"

"சுலபமா இருக்கும்னு..."

அம்மா எழுந்துபோய்ப் பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். மகளும் தம்பி மகனும் பின்னாலேயே போய்விட்டார்கள். மேல்படியைக் கொடுத்து நான் கௌரவித்த அக்கா மகன், "இது குட்டிப் பசங்க கேம் மாமா" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அவனைத் திரும்ப இழுக்க டிரெட் என்ற திகில் ஆட்டத்தை எடுத்தேன். அதில் பகடை கிடையாது. ஜெங்கா கட்டைகளை அடுக்கிய கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். சாய்த்தவரின் பாத்திரம் கதையைவிட்டு வெளியே. ஐந்து வயதுக்காரன் இருக்கிற, அம்மாவுக்குக் கை நடுக்கமும் இருக்கிற வீட்டுக்கு இதைத் தேர்ந்தெடுத்தேன். மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வயதை நம்பிக் கெட்டேன் என்று சொன்னால் பழி பெட்டிமேல் போய்விடும். வயது எங்களுக்குத் தடையாகவே இல்லை. தன் முறை வருவதற்குள் எவ்வளவு நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது என்பதுதான் தடை. ஆறு பேர் கூடி விரிவான விதிகளோடு சண்டை போட்டால் ஒரு சுற்று முடிவதற்குள் குழந்தை மேசைக்கடியிலும் மச்சான் கிரிக்கெட் ஸ்கோரிலும் இருப்பார்கள். தாளைப் படிக்காமல் ஆட முடியுமா, குடைச்சல் பேர்வழி ஒருவர் கதையைத் திருப்பினால் ஆட்டம் தாங்குமா என்றும் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்ததெல்லாம் அட்டைப்பட ஓவியம்.

கடைசியில் அக்கா மகன்தான் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்தான். கிரான்ட் ஹோவிட் எழுதி 2017-ல் வந்த 'ஹனி ஹைஸ்ட்'. மொத்த விதியும் ஒரே ஒரு பக்கம். எனக்கு மொட்டைமாடிக்குப் போக வேலையில்லை. எல்லாரும் கரடிகள், தேன் திருட வேண்டும். ஒவ்வொரு கரடிக்கும் இரண்டே எண்கள்: கரடித்தனம் 3, திருட்டுத்தனம் 3. சாதாரண ஆறு முகப் பகடை. அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் காரியம் பலிக்கும். அதாவது 1 விழுந்தால் எப்போதும் நல்லதே. பகடை உருட்டிக் கரடிக்கு ஒரு தொப்பியும் எடுத்துக்கொள்ளலாம். விதியைக் கேட்டதும் அம்மா பட்டாணித் தட்டை ஒதுக்கினாள். "இவன்தான்டா ஒழுங்கா எழுதியிருக்கான்."

என்னைக் கதை நடத்த விடவில்லை. அக்கா மகனே நடத்தினான். தேனை எங்கே திருடுவது என்று கேட்டதற்கு, நான் அறிவாளித்தனமாக, பழனி பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு, அங்கே போகலாம் என்றேன். "சாமி பொருளையாடா திருடுவே?" என்று அம்மாவின் கரடி தரிசன வரிசையில் போய் நின்றது. என் மகளின் கரடி அதற்குப் பின்னால். மச்சானின் கரடி கைப்பேசியில் தரிசன டிக்கெட் பதிவுசெய்யப் பார்த்தது. மச்சானும் அதோடு சேர்ந்து நிஜமாகவே பார்த்தார். தம்பி மகன் ஜேசிபி ஓட்டும் கரடி. அக்கா மகன் மறுப்பே சொல்லவில்லை. "படிக்கட்டுல ஜேசிபி ஏறுமா? உருட்டு" என்றான். 2 விழுந்தது. ஏறியது. நான் பதினைந்து நாளாகக் கற்றுக்கொள்ளாததை அந்தப் பயல் ஒரே வார்த்தையில் முடித்தான்.

என் கரடி மட்டும் திட்டம் போட்டது. அந்த ஆட்டத்தில் திட்டம் சொதப்பினால் திருட்டுத்தனத்தில் ஒன்று குறைந்து கரடித்தனத்தில் ஒன்று ஏறும். கரடித்தனம் 6 ஆனால் முழுக் கரடியாகி ஆட்டத்தைவிட்டுப் போக வேண்டியதுதான். மலைக்குக் கீழே வின்ச் நிலையத்தைத் தாண்டுவதற்குள் நான் முழுக் கரடி. மற்றவர்கள் இன்னும் ஒரு மணி நேரம் ஆடினார்கள். நான் பட்டாணி உரித்தேன்.

வரும் விடுமுறைக்கு அக்கா மகன் 'கால் ஆஃப் கதூலு' நடத்தப்போகிறானாம். 1981-லிருந்து வரும் திகில் ஆட்டம். நூறு வரை எண் விழும் பகடை, அதிலும் குறைய விழுந்தால்தான் நல்லது. இந்த ஒரு தகவலுக்காகவே அம்மா சம்மதித்துவிட்டாள். அதில் பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பாத்திரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலித்துவிடும், யோசித்துக்கொள் என்று எச்சரித்தேன்.

"உன்னை வளர்த்தவடா நான்" என்றாள்.