சூரியனுக்கு முதுகு காட்டும் விடியல்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், செம்மணல் பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்கும் பெரும்பாறை உலூரு. தரையிலிருந்து 348 மீட்டர் உயரம்; அடிவாரச் சுற்றளவு 9.4 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். இதைவிடப் பல மடங்கு மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. இப்பகுதியின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களுக்கு இது மூதாதையரின் செயல்கள் பதிந்த புனித இடம். சுற்றுலாப் பயணிக்கோ, விடுமுறையிலும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய இடம்.

பயணிகள் தங்கும் விடுதிகள் தேசியப் பூங்காவுக்கு வெளியே, பாறையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி யுலாராவில் இருக்கின்றன. எனவே பேருந்து இருட்டிலேயே கிளம்பும். பாலைவனம் என்றாலே வெயில் என்று நம்பி ஜூலையில் அரைக்கால் சட்டையோடு வந்திறங்குபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. குளிர்கால இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்பதை அவர்களுக்குப் பேருந்துப் படிக்கட்டே சொல்லிக்கொடுத்துவிடும்.

சூரிய உதயம் பார்ப்பதற்கென்று 2009இல் திறக்கப்பட்ட மேடையில் கூட்டம் சேர்கிறது. இங்கே சூரியனைப் பார்ப்பவர் யாரும் இல்லை. எல்லாரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பார்த்து நிற்கிறார்கள். கரிநிறமாக இருந்த பாறை சில நிமிடங்களில் ஊதா கலந்த சிவப்பாகி, பிறகு தணல்போல் ஒளிர்கிறது. இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தாழ்ந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் பயணிக்கும்போது நீல ஒளி சிதறிப்போய் சிவப்பு மிஞ்சுகிறது. இன்னொன்று, பாறையின் மேற்பரப்பே சிவப்பு. உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்தான். அதிலுள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்திருக்கிறது. வீட்டு கேட்டில் கண்டால் உடனே பெயின்டரைக் கூப்பிடவைக்கும் அதே துருவைத்தான் இங்கே கட்டணம் கட்டி, தேநீர் குடித்தபடி, மெய்மறந்து பார்க்கிறார்கள்.

பொழுது புலர்ந்ததும் நடை தொடங்கும். அடிவாரப் பாதை 10.6 கிலோமீட்டர், சமதளம், கடிகார முள் செல்லும் திசையில் சுற்றினால் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். தொடக்கத்திலேயே பாறையின் மேல் ஒரு வெளிறிய கோடு தெரியும். ஏறியவர்களின் காலணிகள் தேய்த்த தடம் அது. 1873இல் வில்லியம் காஸ் என்ற நில அளவையாளர் இங்கே வந்து, தென் ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயலர் ஹென்றி அயர்ஸின் பெயரைப் பாறைக்குச் சூட்டி, மேலேயும் ஏறினார். பின்னால் வந்தவர்களுக்கு வசதியாக 1964இல் சங்கிலி கட்டப்பட்டது. 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அனாங்கு மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது; அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடமே விட்டார்கள். ‘தயவுசெய்து ஏறாதீர்கள்’ என்ற அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே ஏறுவதற்கு வரிசை நின்றது. 30-க்கும் மேற்பட்டோர் ஏறும் முயற்சியில் உயிரிழந்தார்கள். 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்குத் தடை. தடை வரப்போகிறது என்று அறிந்ததும் கடைசி மாதங்களில் வரிசை இன்னும் நீண்டது. வேண்டாம் என்றால் அசையாத மனிதன், இனிமேல் முடியாது என்றால் டிக்கெட் எடுத்து ஓடிவருகிறான்.

வழியில் வழிகாட்டி கதை சொல்கிறார். வடக்கேயிருந்து வந்த மாலா என்னும் முயல்-வாலபி மக்கள் இங்கே சடங்கைத் தொடங்கியிருந்தார்கள். மேற்கிலிருந்து இருவர் வந்து தங்கள் சடங்குக்கு அழைத்தார்கள். தொடங்கியதைப் பாதியில் விட முடியாது என்று மாலாக்கள் மறுத்தார்கள். அழைப்பை மதிக்காத கோபத்தில் மேற்கே இருந்தவர்கள் குர்ப்பனி என்ற பேய்நாயை உருவாக்கி ஏவினார்கள். மீன்கொத்திப் பெண் எச்சரித்தும் யாரும் காது கொடுக்கவில்லை. நாய் பாய்ந்து சிலரைக் கொன்றது. மற்றவர்கள் தெற்கே ஓடினார்கள். பாறையில் அந்த நாயின் காலடிகள் காட்டப்படுகின்றன. அழைத்தும் வராதவர்கள்மீது மூளும் பகை எவ்வளவு பழையது என்று பயணிகள் யோசித்துக்கொண்டே நடக்கிறார்கள்.

வடகிழக்குப் பக்கத்தில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகள் வருகின்றன. ஆண்களுக்கோ பெண்களுக்கோ மட்டும் உரிய இடங்கள் அவை. அவற்றின் தோற்றத்தைக்கூட வெளியாள் எடுத்துச் செல்லக் கூடாது. தெற்கே முட்டிஜுலு சுனை அருகே, லிரு என்னும் விஷப்பாம்பு வீரனை, தன் மருமகனைத் தாக்கியதற்காகக் குனியா என்னும் மலைப்பாம்புப் பெண் தடியால் இரண்டு முறை அடித்த வெட்டுகள் பாறையில் தெரிகின்றன. “அப்புறம்?” என்று யாராவது கேட்டால், “அவ்வளவுதான்” என்பார் வழிகாட்டி. ஜுகுர்ப்பா எனப்படும் அந்த மரபறிவில் குழந்தைகளுக்குச் சொல்லும் அளவுதான் வெளியாருக்கு. முனைவர் பட்டம் பெற்றவரானாலும் இங்கே ஒன்றாம் வகுப்புதான்.

வெயில் ஏறினால் ஈக்களும் வந்துவிடும். கண், மூக்கு, வாய் என்று ஈரம் தேடி மொய்க்கும். முகத்துக்கு வலை வாங்க மறுத்தவர் முதல் கிலோமீட்டரில் வலை போட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பார். மூன்றாவதில் அதன் விலையை விசாரிப்பார். கோடையில் 11 மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும், மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை.

கல், மண் எதையும் எடுத்துப் போகக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு. எடுத்துப் போனவர்களில் பலர், ஊர் திரும்பியபின் கெட்ட காலம் பிடித்துவிட்டதென்று கல்லையும் கடிதத்தையும் பார்சல் செய்து பூங்கா அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். எந்த இடத்தில் கிடந்த கல் என்று தெரியாததால், அதை இருந்த இடத்தில் வைப்பதும் எளிதல்ல. விமானத் தபாலில் கல்லுக்கு எடைக்கேற்ற கட்டணம் உண்டு. உள்ளே வைக்கும் மன்னிப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை.