இருவினையொப்பும் இறுகிய நட்டும்: உச்சமுனைக் கறள் பற்றிய சித்தாந்த ஆய்வு

கறள் அநாதி. கால் தொன் மொரிஸ் மைனர் பிக்கப் 1953இல் முதன்முதலாக வெளிவந்தபோதே அதன் நட்டுகளுக்குள் கறள் மறைந்திருந்தது. உச்சமுனை எனும் கடலோர ஊர் அதை வெளிப்படுத்தியது, அவ்வளவே. இது இவ்வாய்வின் முதற் கோள்.

இதற்கு ஏது: ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல், நடுவே ஒடுங்கிய மணல். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். ஆகவே கொட்டிலில் சும்மா நிற்கும் வண்டிக்கும் இங்கே கடல் நீராட்டு உண்டு. கறளான இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். நட்டுக்கும் போல்டுக்கும் இடையே பருக்க இடமேது? பிடித்துக்கொள்ளும். ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொன்ன சைவ சித்தாந்திகள் கடற்கரையில் வண்டி வைத்திராதவர்கள் போலும்.

சுத்தியல்வாதிகள் இதை மறுப்பர். ஸ்பனரில் பைப்பைச் செருகி ஏறி மிதித்தால் எதுவும் கழலும் என்பது அவர்கள் துணிபு. கழல்வது பெரும்பாலும் நட்டின் மூலைகளே. அதுவும் மில்லிமீட்டர் ஸ்பனர் என்றால் கேட்கவே வேண்டாம். 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் 60 பாகைப் புரிக்கு உடன்படும்வரை, விட்வேர்த் 1841இல் வகுத்த 55 பாகைப் புரியே ஆங்கிலேய வண்டிகளை ஆண்டது. இரண்டுக்கும் சாவி வேறு. சமயம் அறியாமல் தீட்சை கொடுக்கலாகாது.

புதுப் பாகம் போடலாமே என்பது இன்னொரு கட்சி. இங்கிலாந்தின் பாத் நகரத்துச் சார்ல்ஸ் வேர், மொரிஸ் மைனர் பாகங்களை 1990களில் இலங்கையிலேயே செய்விக்க முனைந்தார் என்பது உண்மைதான். ஆனால் புது மட்கார்ட்டைப் பூட்டவும் முதலில் பழைய நட்டு கழல வேண்டும்.

இனிச் சித்தாந்தம். சாத்திரத்தில் இருவினையொப்பு, அதாவது நல்வினை தீவினை இரண்டையும் ஒப்ப நோக்கல், முந்தும். கராஜில் மலபரிபாகமே, அதாவது மலம் பக்குவப்படுதலே, முந்தும். ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றிவிட்டு இருக்க வேண்டும். இந்த இருத்தல்தான் கடினம்.

“நானா, அடிச்சுப் பாக்கவா?”

“பொறு மகன், ஒயில் குடிக்கட்டும்.”

வேதாகமங்கள் இதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்து இருவினையொப்பு: கழற்ற வேண்டிய நட்டை முதலில் சற்று இறுக்குதல், பின் தளர்த்தல், மீண்டும் இறுக்குதல். இறுக்கத்திலும் தளர்விலும் பற்று ஒழிந்தவனுக்கே புரிக்குள் ஒயில் இறங்கும். அப்போதும் அசையாததற்குச் சத்திநிபாதம் என்னும் அருள்வீழ்ச்சி, அதாவது காஸ் சுவாலை. அரை அங்குல நட்டை 300 பாகை சூடேற்றினால் அது விரிவது 0.05 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மயிரிழைகூட இல்லை. கறளின் பிடியை உடைக்க அது போதும். அருள் அளவில் பெரிதாயிருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் அசிட்டோன் முற்றாக உலர்ந்த பின்பே சுவாலை. இல்லையேல் ஆன்மாவோடு கொட்டிலும் முத்தியடையும்.

போல்ட்டின் தலை முறிந்தால்? துளையிட்டு, இடம்புரி எக்ஸ்ட்ராக்டரை இறக்கித் திருக வேண்டும். அதுவும் உள்ளே முறிந்தால், அதன் கடினமான உருக்கில் சாதாரணத் துரப்பணம் ஏறாது. இந்நிலை பற்றிச் சாத்திரங்கள் மௌனம். கராஜ்காரர்கள் மௌனமாயில்லை, அவர்கள் கூற்று அச்சிடத் தக்கதன்று.