இருமுறை பிறந்த மாவட்டம்

அரியலூர்ப் பக்கம் மண்ணைக் கிளறினால் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். அது விலகிப்போக அவசரப்படவே இல்லை. நம் கோட்டைக்கு அந்தப் பொறுமை ஏது?

1995இல் திருச்சியைப் பிரித்துப் பெரம்பலூர். 2001இல் பெரம்பலூரைப் பிரித்து அரியலூர். ஆட்சி மாறியது, 2002இல் அரியலூர் மறுபடி பெரம்பலூருக்குள். ஆட்சி திரும்பியது, 2007இல் அரியலூர் மறுபடி வெளியே. இத்தனைக்கும் கொள்ளிடம் தெற்கில்தான் ஓடியது, வெள்ளாறு வடக்கில்தான் ஓடியது. அரசாணையை அவற்றுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலும். உண்மையில் பிழைத்தவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர்தான்.

கங்கைவரை படை அனுப்பிய ராஜேந்திர சோழனின் தலைநகரும் இங்கேதான். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் கலெக்டரிடம் மனு கொடுக்க எந்த ஊர் பஸ் ஏறுவது என்பதைத் தேர்தல் முடிவைப் பார்த்தல்லவா தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது!

இப்போது மாவட்டம் நிலைத்துவிட்டது. நிலம்தான் நிற்கவில்லை. அந்தப் பழைய கடலடிச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சுட்டு, அரைத்து, சிமென்ட் மூட்டையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு எல்லை நிர்ணயம் எதுவும் தேவைப்படவில்லை.