மையம் விலகிய நடத்தை

ஆங்கிலத்தில் 'எக்சென்ட்ரிக்கலி' என்றொரு வினையடை உண்டு. 'விசித்திரமாக' என்று அகராதி பொருள் சொல்லும். அது போதாது. இச்சொல் வானியலிலிருந்து வந்தது. மையத்துக்கு வெளியே என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி சூரியனுக்கு ஒரு வட்டம் வகுத்தார். அதன் மையத்தில் பூமி இல்லை, சற்றுத் தள்ளி இருந்தது. அதனால்தான் பூமியில் நிற்பவர் கண்ணுக்குச் சூரியன் சில மாதங்கள் விரைந்தும் சில மாதங்கள் தயங்கியும் போகிறது. தன் வட்டத்திலோ அது சீராகவே சுற்றுகிறது என்றார்.

எனவே, திடீரென்று ஒருநாள் தாறுமாறாக நடப்பவருக்கு இந்த வினையடை பொருந்தாது. வேறொரு மையத்தைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காகச் சுற்றுபவருக்கே அது உரியது.

ஹென்றி கேவண்டிஷ் (1731-1810) அப்படிப்பட்டவர். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக இனங்கண்டு 1766இல் எழுதியவர். பெரும் செல்வந்தர், ஆனாலும் பழைய மோஸ்தர் கோட்டைத்தான் போட்டுக்கொள்வார். பேசக் கூச்சம்; பெண்களிடம் அறவே பேசமாட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி மேசைமேல் வைத்துவிடுவார். வேலைக்காரி எதிர்ப்படக் கூடாதென்று வீட்டின் பின்புறம் தனி மாடிப்படி கட்டினார் என்பார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பவர்கள் 1797-98இல் அவர் செய்த சோதனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோ எடையுள்ள இரண்டு ஈயக் குண்டுகள், கம்பியில் தொங்கும் சிறு குண்டுகளை எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டார். ஆள் உள்ளே நின்றால் உடற்சூட்டில் காற்று அசையும், அளவு கெடும். ஆகவே அறையைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். மனிதர்களிடம் எட்டி நின்றவர் குண்டுகளிடமும் எட்டியே நின்றார். இன்றைய மதிப்புக்கு அவருடைய விடை ஏறத்தாழ ஒரு சதவீத வித்தியாசம்தான். இந்த மனிதரை 'கிறுக்கு' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம்.

மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலத்தில், அதைத் தன் உடம்பிலேயே பாய்ச்சி அதிர்ச்சியின் வலுவை ஒப்பிட்டுக் குறித்துவைத்தார் கேவண்டிஷ். அச்சேறாமல் கிடந்த அக்குறிப்புகளை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்தார். அந்த வேலை நடந்த நாட்களில் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கு வந்தவர்களையும் அவர் விடவில்லை. அதே சோதனைக்குக் கையை நீட்டச் சொன்னார், அவர்களும் நீட்டினார்கள்.