திருமண வட்டு: ஒரு மென்பொருள் ஆராய்ச்சி

குன்றத்தூர் முருகன் கோயிலில் முகூர்த்தம் முடிந்த கையோடு வீட்டிலேயே டிவிடி தயாரிக்க முனைவோர், காட்சிகளை வெட்டி ஒட்டும் படத்தொகுப்பு மென்பொருளை, அதில் எத்தனை விதமாக ரோஜா இதழ் உதிர்கிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்கின்றனர். ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபிதான் என்பதும், எம்பெக்-2 எனும் சுருக்கமுறையில் 720க்கு 576 புள்ளிகளாகக் குறுகியே படம் அதில் ஏறும் என்பதும், தாய்மாமன் சீரை ஒரு தட்டு விடாமல் காண விரும்பும் உறவினருக்கு ஒரு பொருட்டே அன்று. விண்டோஸ் 7 உடன் வந்த டிவிடி மேக்கர் எனும் வட்டு தயாரிப்பு மென்பொருளை 2012இல் வெளியான விண்டோஸ் 8 கைவிட்டது. இந்த நிலையாமை மென்பொருளுக்கு மட்டுமல்ல: 2006இல் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் 2014இல் நின்றுபோனது. திருமண வட்டு மட்டும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மென்பொருளை வாங்குமுன், வட்டை ஓட்டும் கருவி வீட்டில் எஞ்சியுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.