அப்பீல் திலகம்

கலிஃபோர்னியாவில் ஏப்ரல் மாதம் முடிவதற்குள் ஆண்டுதோறும் ஒரு புது மனித வகை உற்பத்தியாகிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு வளாகத்துக்கு மாறிக்கொள்ள மனுப்போட்டு, 'வருந்துகிறோம்' என்ற பதிலை வாங்கியவர்களில் இருந்து கிளம்புகிறவர் இவர். அதே பதிலை வாங்கிய மற்றவர்கள் ஒரு நாள் அழுவார்கள், மறுநாள் சாப்பிடுவார்கள், அதற்கடுத்த நாள் வேறு எந்த வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நம்மவர் மட்டும் மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று தேடுவார். வழி உண்டு என்று தெரிந்த நிமிடத்தில் மாணவர் மறைந்து வாதி பிறக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் மாறுதலுக்கு மனுப்போடும் நாலு பேரில் சுமார் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. எனவே இந்த வகைக்கு ஆள் பஞ்சமே வருவதில்லை.

இவருடைய கடிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். முதல் பத்தி எட்டு வயதில் ஆரம்பிக்கும். வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று வாங்கிய நீல ஸ்வெட்டர், அதன் மேல் தங்க நிற எழுத்து, அதைக் கழற்றாமல் தூங்கிய இரவுகள் எல்லாம் அதில் வரும். பெர்க்லிக்கும் சரி, லாஸ் ஏஞ்சலஸுக்கும் சரி, நிறம் நீலமும் தங்கமும்தான், சின்னமும் கரடிதான். ஆகவே ஒரே கனவை இரண்டு ஊருக்கும் அனுப்பலாம், ஊர்ப்பெயரை மாற்ற மட்டும் மறக்கக்கூடாது. இரண்டாம் பத்தியில் கிரேடு சராசரி 3.7 என்று இருக்கும். அது விண்ணப்பத்திலேயே இருந்ததுதான். மூன்றாம் பத்தியில், 3.5 வைத்திருந்த சிநேகிதனுக்கு இடம் கிடைத்த அநியாயம். அவன் கேட்டது வேறு பாடப்பிரிவு என்ற சின்ன விஷயம் அதில் இடம்பெறாது. குப்பர்டினோ, ஃப்ரீமாண்ட் பக்கத்துத் தமிழ் வீட்டிலிருந்து போகிற கடிதம் என்றால் தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சிபாரிசும் கோயில் கமிட்டிச் செயலாளரின் நற்சான்றும் கூடவே போகும். அந்தப் பல்கலைக்கழகம் இளநிலைச் சேர்க்கைக்குப் பொதுவாகச் சிபாரிசுக் கடிதமே கேட்பதில்லை. கேட்காதபோது கொடுப்பதுதான் மரியாதை என்பது வீட்டாரின் கட்சி.

பல்கலைக்கழகம் கேட்பது ஒன்றே ஒன்று: விண்ணப்பத்தில் இல்லாத, முடிவை மாற்றும் அளவுக்குக் கனமான புதிய தகவல். கல்லூரி தவறாகப் பதிந்து பிறகு திருத்திய கிரேடு, பட்டியலில் விட்டுப்போன ஒரு கணக்குப் பாடம், அப்போது சொல்லக் கூசி மறைத்த நோய் போன்றவை அந்த வகை. நம்மவர் கடிதத்தில் இவை தவிர மற்றெல்லாம் இருக்கும். மேல்முறையீடு என்றதும் தமிழ் மனம் மனுநீதிச் சோழன் வாசலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நினைத்துக்கொள்கிறது. கயிற்றை இழுத்தால் ராஜா இறங்கி வந்து முகத்தைப் பார்த்து நீதி வழங்குவார் என்ற நம்பிக்கை அது. ஆனால் சேர்க்கை அலுவலகத்தில் முகத்தைப் பார்க்க யாரும் இறங்கி வரமாட்டார்கள். காகிதத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். 'நான் எப்படிப்பட்டவன் தெரியுமா?' என்று இவர் நாலு பக்கம் எழுத, 'ஏற்கெனவே தெரியும்' என்று அவர்கள் இரண்டு வரியில் முடித்துவிடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை வைத்து இவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. இவரைக் கெடுத்தவை நன்றாகப் படித்துத் தேறிய இரண்டு பாடங்கள். முதல் பாடத்தை நடத்தியது அந்த மாநிலமேதான். 1960-இல், பல்கலைக்கழகத் தலைவராகக் கிளார்க் கெர் இருந்த காலத்தில் போட்ட உயர்கல்வித் திட்டம், பள்ளி முடிப்பவர்களில் படிப்பில் முன்னணியில் நிற்கும் எட்டில் ஒரு பங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் மூன்றில் ஒரு பங்கை மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதியாக்கியது. மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ் கதவு திறந்தே இருக்கும், நன்றாகப் படித்தால் அங்கிருந்து மேலே ஏறலாம் என்றது. பதினெட்டு வயதில் கிடைத்த 'இல்லை' கடைசி 'இல்லை' ஆகாது என்று அரசே சொல்லிக்கொடுத்தால், இருபது வயதில் கிடைத்ததை மட்டும் இவர் ஏன் கடைசி என்று நம்பவேண்டும்? இரண்டாம் பாடத்தை நடத்தியது விண்ணப்பப் படிவம். உன்னைப் பற்றிச் சொல், நீ தாண்டிய இடரைச் சொல் என்று நாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 350 சொல். நவம்பர் முழுதும் கதை கேட்டவர்கள் மே மாதத்தில் திடீரென்று கணக்குப்பிள்ளையாக மாறிவிட்டால், பழகிய கை இன்னொரு கதையைத்தானே எழுதும்?

'எப்படியும் நிராகரிக்கப் போகிறார்கள் என்றால் மேல்முறையீடு என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கவேண்டும், கண்துடைப்புக்கா?' என்று கேட்கலாம். கண்துடைப்பு இல்லை. ஆயிரக்கணக்கான காகிதங்கள் புரளும் இடத்தில் பிழை நேரும், அந்தப் பிழையைத் திருத்த ஒரு வழி வேண்டும். எல்லோருடைய ஏமாற்றத்துக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டால், உண்மையான பிழையோடு வருகிறவர் கூட்டத்தில் நசுங்கிப்போவார். 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமே' என்பது அடுத்த வாதம். நகரும்தான். ஆனால் இங்கே அடிக்க ஒரே ஒரு முறைதான் அனுமதி, அதன்மேல் வரும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. 'எழுதிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?' என்பதுதான் மூன்று வாதங்களில் பலமானது. எழுதுவதில் நஷ்டம் இல்லை, காத்திருப்பதில்தான் இருக்கிறது. இடம் கொடுத்த வேறொரு வளாகத்துக்கு ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்லியாகவேண்டும். டேவிஸ், அர்வைன், ரிவர்சைட் முதலிய ஆறு வளாகங்கள், கேட்ட பாடங்களைக் கேட்ட கிரேடில் முடித்தால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவும் செய்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அப்படிக் கொடுப்பதில்லை. நம்மவர் கண்ணுக்கு, நிச்சயமாகக் கிடைக்கிற இடம் இடமாகவே படுவதில்லை. வராத பதிலுக்கு மரியாதை காட்டி, வந்த பதிலைக் கிடப்பில் போடுகிறார்.

வீட்டார் பிடித்து உலுக்கினால் மே 31 ராத்திரி ரிவர்சைடுக்குச் சம்மதம் சொல்லி, செப்டம்பரில் அங்கே போய்ச் சேர்வார். சேர்ந்த கொஞ்ச நாளில் வண்டி நிறுத்தியதற்கு அபராதச் சீட்டு வரும். இவர் அதையும் அப்பீல் செய்வார். அந்தக் கடிதத்தில் எட்டு வயதுக் கனவு இருக்காது, சிநேகிதன் கதை இருக்காது, கோயில் கமிட்டியும் இருக்காது. நிறுத்திய இடத்தில் அறிவிப்புப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தது என்று மூன்று வரி, கூடவே தேதியோடு ஒரு புகைப்படம். அபராதம் ரத்தாகும். ஆக, மேல்முறையீடு எழுத இவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. ஆசை குறுக்கே நிற்காத இடத்தில் பிரமாதமாகவே எழுதுகிறார்.